பாலம் அசையணும்: எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் எப்படி டிசைன் பண்றாங்க?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் ஒரு பாலத்தைப் பத்தினது. சரியாச் சொன்னா, பாலத்துல இருக்கிற ஒரு இடைவெளியைப் பத்தினது.

2015 டிசம்பர் 4-ஆம் தேதி, ஸ்காட்லாந்துல இருக்கிற ஃபோர்த் ரோட் பிரிட்ஜை முழுசா மூடினாங்க. எடின்பரோ பக்கத்தையும் வடக்கே இருக்கிற ஃபைஃப் பகுதியையும் இணைக்கிற தொங்கு பாலம் அது. ஒரு நாளைக்குச் சுமார் 70,000 வண்டிகள் போய் வந்த பாலம். கிறிஸ்துமஸுக்கு மூணு வாரம்தான் இருந்துச்சு. வேலைக்குப் போறவங்க, சரக்கு லாரிகள், எல்லாரும் மேற்கே இருக்கிற கின்கார்டின் வழியா சுத்திப் போக வேண்டிய நிலைமை.

புயல் அடிக்கல. கப்பல் எதுவும் மோதல. பாலத்துக்கு அடியில, ஒரு கோபுரத்துக்குப் பக்கத்துல, ஒரு இரும்புப் பாகத்துல விரிசல் விட்டிருந்தது. அது ஏன் விரிஞ்சதுன்னு பார்த்தா, அசைய வேண்டிய ஒரு கீல் அசையாம இறுகிப் போயிருந்தது.

பாலம்னா ஆடாம அசையாம நிக்கணும்னுதான் நாம நினைப்போம். ஆனா நீளமான பாலங்களைப் பொறுத்தவரை, அசைய வேண்டிய இடத்துல அசையாம போறதுதான் ஆபத்து. எங்க, எவ்வளவு, எத்தனை தடவை அசைய விடணும்? இதுதான் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் டிசைன் பண்றவங்களோட கேள்வி.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு

மேம்பாலத்துல பைக்ல போகும்போது குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு தடவை ‘தடக்’னு ஒரு சத்தம் கேட்கும் இல்லையா? ரோட்டுக்குக் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை, நடுவுல ரப்பர். அதுதான் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட். ரெண்டு தளங்களுக்கு நடுவுல வேணும்னே விட்ட இடைவெளி.

ஸ்கூல்ல படிச்சது ஞாபகம் இருக்கலாம்: சூடு பட்டா இரும்பு நீளும். ஒரு மீட்டர் இரும்பு ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும். முடியோட தடிமனை விடக் குறைவு. கான்கிரீட்டும் ஏறக்குறைய இதே அளவுதான்.

இப்போ 1 கிலோமீட்டர் நீள இரும்புப் பாலத்தை எடுத்துக்குவோம். ஒரு முனையை நல்லா பிடிச்சு வெச்சாச்சு, இன்னொரு முனை நகரலாம். வருஷத்தோட குளிரான ராத்திரிக்கும் சூடான மதியத்துக்கும் 40 டிகிரி வித்தியாசம்னு வெச்சுக்கிட்டா, 1,000 × 0.012 × 40 = 480 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட அரை மீட்டர்.

சரி, நீள விடாம ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிச்சா என்ன ஆகும்? ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் இரும்புலயும் கிட்டத்தட்ட 1 டன் அளவுக்கு அழுத்தம் ஏறும். தீப்பெட்டியோட மேல்பக்க அளவு குறுக்குவெட்டு இருக்கிற இரும்புன்னா 15 டன்னுக்கும் மேல. இந்த விசை பாலத்தோட நீளத்தைப் பொறுத்தது இல்ல. 20 மீட்டர் பாலமா இருந்தாலும் 2,000 மீட்டரா இருந்தாலும், முழுசா இறுக்கினா அழுத்தம் ஒண்ணுதான்.

அப்போ சின்னப் பாலங்கள்ல ஏன் பிரச்சினை வரல? 20 மீட்டர் பாலம் அதே 40 டிகிரிக்கு ஒரு சென்டிமீட்டர்தான் நீளும். அந்த அளவுக்குத் தூணும், முனையில இருக்கிற மண்ணும் கொஞ்சம் வளைஞ்சு கொடுத்துடும். அதனால சின்னப் பாலங்களை இப்போ ஜாயின்ட்டே இல்லாம ஒரே துண்டா கட்டுறதும் உண்டு. ஜாயின்ட் இல்லைன்னா ஒழுகவும் ஒழுகாது, பழுதாகவும் ஆகாது. ஆனா அரை மீட்டர் நகர்வுக்கு எந்தத் தூணும் அப்படி வளைஞ்சு கொடுக்காது. அங்க இடைவெளி விட்டே ஆகணும்.

அரை மீட்டர் பள்ளத்து மேல வண்டி எப்படிப் போகும்?

இடைவெளி விடுறது சுலபம். அது மேல லாரியும் போகணும், ஸ்கூட்டரும் போகணும், மழைத்தண்ணி கீழே இறங்கவும் கூடாது. இதுக்கு மூணு நாலு வழி இருக்கு.

80 மில்லிமீட்டர் வரைக்கும்னா, ரெண்டு இரும்பு விளிம்பு, நடுவுல மடிஞ்ச ரப்பர் பட்டை. நம்ம மேம்பாலங்கள்ல நிறைய இடத்துல இருக்கிறது இதுதான்.

அதுக்கு மேல போனா, சீப்பு மாதிரி பற்கள் இருக்கிற ரெண்டு இரும்புத் தகடுகள். ரெண்டு சீப்பை எதிரெதிரா வெச்சுப் பற்களைக் கோத்துப் பாருங்க. பாலம் நீண்டா பற்கள் உள்ளே போகும், சுருங்கினா வெளியே வரும். டயருக்கு அடியில எப்பவும் ஏதாவது ஒரு பல் இருக்கும். சிக்கல் என்னன்னா, பற்களுக்கு நடுவுல தண்ணி நேரா கீழே போகும். அதைப் பிடிக்க அடியில தனியா ஒரு தொட்டி வேணும். சைக்கிள் டயர் பற்களுக்கு நடுவுல மாட்டாம இருக்கவும் தனி ஏற்பாடு செய்யணும்.

இன்னொண்ணு, கடை ஷட்டர் மாதிரி. ஒண்ணோட ஒண்ணு கோத்த இரும்புத் தகடுகள் வளைஞ்ச பாதையில வழுக்கி மேலே வரும், உள்ளே போகும். அந்தக் காலத்துப் பெரிய தொங்கு பாலங்கள்ல இது உண்டு.

இன்னைக்கு ரொம்ப நீளமான பாலங்கள்ல அதிகம் பயன்படுறது மாடுலர் ஜாயின்ட். ஐடியா எளிமையானது: ஒரே பெரிய இடைவெளிக்குப் பதிலா நிறைய சின்ன இடைவெளிகள். ரோட்டுக்குக் குறுக்கே இரும்புக் கம்பங்களை வரிசையா அடுக்குவாங்க. ஒவ்வொரு ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல ரப்பர். ஒவ்வொரு இடைவெளியும் பொதுவா 80 மில்லிமீட்டர் வரைக்கும்தான் திறக்கும், ஏன்னா அதுக்கு மேல போனா டயர் உள்ளே இறங்கி அடிக்கும். சீனாவுல யாங்சி ஆத்து மேல 2005-ல திறந்த ருன்யாங் பாலத்தோட தொங்கு பகுதிக்கு 1,490 மீட்டர் நடு ஸ்பான். அங்க வெச்ச ஜாயின்ட்ல 27 இடைவெளிகள். 27 × 80 = 2,160 மில்லிமீட்டர். ரெண்டு மீட்டருக்கு மேல விரிஞ்சு சுருங்கக்கூடிய ஒரு ரோடு!

இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. 27 இடைவெளிகளும் ஒரே அளவா திறக்கணும். ஒண்ணு மட்டும் 200 மில்லிமீட்டர் திறந்து மத்தது மூடியே இருந்தா மொத்த ஐடியாவும் வீண். வீடுகள்லயும் பழைய லிஃப்ட்லயும் இருக்கிற மடிப்பு கேட்டைப் பாருங்க. ஒரு முனையை இழுத்தா எல்லாக் கம்பிகளும் ஒரே அளவா விலகும், ஏன்னா குறுக்கே கத்தரிக்கோல் மாதிரி பட்டைகள் இணைச்சிருக்கு. சில மாடுலர் ஜாயின்ட்ல இதே வேலை நடக்குது. சிலதுல ஸ்ப்ரிங்குகள் கம்பங்களைச் சமமா தள்ளி வெக்கும்.

பூட்டுற நாளோட வெப்பநிலை

ஜாயின்ட்டை ஃபேக்டரியில செஞ்சு கொண்டு வந்தாச்சு. இப்போ பாலத்துல பொருத்தணும். எவ்வளவு திறந்து வெச்சுப் பொருத்தறது?

இது அன்னைக்கு இருக்கிற வெப்பநிலையைப் பொறுத்தது. அதுவும் காத்தோட வெப்பநிலை இல்ல, பாலத்தோட வெப்பநிலை. இரும்புத் தளம் வெயில்ல சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். கான்கிரீட் மெதுவா. உச்சி வெயில்ல பாலம் முழுசா நீண்டிருக்கும்போது ஜாயின்ட்டைப் பாதி திறந்து பூட்டினா, குளிர்காலத்துல அது தாங்கற அளவையும் தாண்டி இழுபடும். அதனாலதான் தளத்தோட வெப்பநிலையை அளந்து, ‘இவ்வளவு டிகிரின்னா இடைவெளி இவ்வளவு’னு ஒரு அட்டவணை போட்டு வெச்சுக்கிறாங்க.

வெப்பம் மட்டுமா? கான்கிரீட் பாலம்னா, கட்டின பிறகும் பல வருஷம் அது மெதுவா சுருங்கிக்கிட்டே இருக்கும். அதையும் கூட்டணும். காத்து, வண்டிகள் பிரேக் போடும் விசை, நிலநடுக்கம்னு பட்டியல் நீளும். ஜப்பானோட அகாஷி கைக்யோ பாலத்தைக் கட்டிக்கிட்டு இருக்கும்போது, 1995 ஜனவரி 17-ல கோபே நிலநடுக்கம் வந்துச்சு. கோபுரங்களும் கேபிள்களும் ஏற்கனவே நின்னுக்கிட்டு இருந்தது. நிலமே நகர்ந்ததால நடு ஸ்பான் சுமார் 80 சென்டிமீட்டர் நீண்டு போச்சு. நல்லவேளை, அப்போ தளம் போடல. அதனால தளத்தோட டிசைனைத் திருத்திக் கட்டினாங்க. 1,990 மீட்டரா திட்டமிட்ட ஸ்பான் 1,991 மீட்டரா முடிஞ்சது அப்படித்தான்.

பெரிய அசைவா, சின்ன அசைவா: எது ஆபத்து?

இதுவரைக்கும் ‘எவ்வளவு’ங்கிற கேள்வி. இப்போ ‘எத்தனை தடவை’.

நம்ம 1 கிலோமீட்டர் பாலத்துக்கே போவோம். பகலுக்கும் ராத்திரிக்கும் 10 டிகிரி வித்தியாசம்னா, பகல்ல 12 சென்டிமீட்டர் நீளும், ராத்திரி 12 சென்டிமீட்டர் சுருங்கும். ஒரு நாளைக்கு 24 சென்டிமீட்டர் பயணம். வருஷத்துக்குச் சுமார் 88 மீட்டர். ஒரு இரும்பு மேல இன்னொண்ணு வருஷம் முழுக்க 88 மீட்டர் வழுக்குது. பெரிய விஷயம் இல்ல.

ஆனா தொங்கு பாலத்துல இன்னொரு அசைவு உண்டு. கொஞ்சம் தளர்வா கட்டின துணிக்கொடியில ஒரு ஓரமா ஈரப் போர்வையைப் போட்டுப் பாருங்க. அந்தப் பக்கம் இறங்கும், எதிர்ப்பக்கம் ஏறும், கயிறு கொஞ்சம் பக்கவாட்டுலயும் நகரும். தொங்கு பாலத்துல லாரி ஏறும்போது இதேதான் நடக்குது. லாரி ஒரு பாதியில இருக்கும்போது கேபிள் ஒரு பக்கமா நகரும், தளத்தையும் கூடவே இழுக்கும். லாரி அடுத்த பாதிக்குப் போனதும் எதிர்ப்பக்கம்.

கணக்குக்காக ஒரு லாரிக்கு 5 மில்லிமீட்டர் போக, 5 மில்லிமீட்டர் வரன்னு வெச்சுக்குவோம். மொத்தம் ஒரு சென்டிமீட்டர். ஒரு நாளைக்கு 5,000 லாரின்னா 50 மீட்டர். வருஷத்துக்கு 18 கிலோமீட்டர்! வெயிலால வர்ற 88 மீட்டர் எங்க, இந்த 18 கிலோமீட்டர் எங்க?

பேரிங்குல வழுக்குறதுக்கு வெக்கிற டெஃப்லான் தகடுகளுக்கு ஐரோப்பியத் தரநிலையில நீண்டகாலச் சோதனைன்னு ஒண்ணு இருக்கு. அதுல மொத்தம் சுமார் 10 கிலோமீட்டர் வழுக்க வெச்சுத் தேய்மானத்தைப் பார்ப்பாங்க. நம்ம கற்பனைப் பாலத்துல அந்த தூரம் ஏழே மாசத்துல முடிஞ்சிடும்.

இது வெறும் தியரி இல்ல. சீனாவோட ஜியாங்யின் பாலம், 1,385 மீட்டர் ஸ்பான், 1999-ல திறந்தாங்க. சில வருஷத்துலயே ஜாயின்ட்டுகள் தேஞ்சு பழுதாயிடுச்சு. சின்னச் சின்ன அசைவுகள் கூடிக்கூடிச் சேர்ந்த தூரம்தான் முக்கியக் காரணம்னு தெரிஞ்சது. ஜாயின்ட்டை மாத்தினதோட விடல, பாலத்துல டேம்பர்களையும் சேர்த்தாங்க.

டேம்பர்னா என்ன? ஆஃபீஸ் கதவுல மேலே இருக்குமே, டோர் க்ளோசர், அது மாதிரி. மெதுவா தள்ளினா கதவு சாதாரணமா நகரும். வேகமா தள்ளினா உள்ளே இருக்கிற எண்ணெய் எதிர்க்கும். பாலத்துலயும் அப்படித்தான். வெயிலால வர்ற அசைவு மணிக்கணக்குல நடக்கும், அதை டேம்பர் விட்டுடும். லாரியாலயும் காத்தாலயும் வர்றது நொடிக்கணக்குல நடக்கும், அதைப் பிடிச்சுக்கும். விட வேண்டியதை விட்டு, தேவையில்லாததைத் தடுக்கிற ஏற்பாடு.

டென்மார்க்கோட ஸ்டோர்பெல்ட் கிழக்குப் பாலம், 1998-ல திறந்தது, இதை முதல்லயே யோசிச்சுக் கட்டின பாலம். நடு ஸ்பான் 1,624 மீட்டர், பக்கத்துக்கு 535 மீட்டர். மொத்தம் சுமார் 2.7 கிலோமீட்டருக்குத் தளம் ஒரே துண்டு. கோபுரங்கள் கிட்ட ஜாயின்ட்டே கிடையாது. ரெண்டு முனையில மட்டும்தான். அந்த முனைகள்ல, வேகமான அசைவைத் தடுக்க ஹைட்ராலிக் பஃபர்கள். ஜாயின்ட் எண்ணிக்கை குறைஞ்சா தண்ணி ஒழுகுற இடமும், தேயுற இடமும், ஆள் இறங்கிப் பார்க்க வேண்டிய இடமும் குறையும். ஆனா இருக்கிற ரெண்டும் ரொம்பப் பெருசா இருக்கும். இதுதான் டிசைனர் எடுக்க வேண்டிய முடிவு.

ஃபோர்த் பாலத்துல நடந்தது

இப்போ ஸ்காட்லாந்துக்குத் திரும்புவோம். ஃபோர்த் ரோட் பிரிட்ஜ் 1964-ல திறந்த பாலம். நடு ஸ்பான் 1,006 மீட்டர். ஸ்டோர்பெல்ட் மாதிரி ஒரே துண்டு இல்ல. தளம் கோபுரங்கள் கிட்ட பிரியுது, அங்கதான் ஜாயின்ட். ரோட்டு மேல நமக்குத் தெரியறது இடைவெளி மட்டும்தான். ஆனா தளத்தோட முனையை யாராவது தாங்கணும் இல்லையா? நகரவும் விடணும், விழாம பிடிக்கவும் செய்யணும்.

அதுக்குத்தான் கோபுரத்துக்கும் தளத்துக்கும் நடுவுல இரும்புக் கைகள். ஒவ்வொரு கைக்கும் மேலே ஒரு கீல், கீழே ஒரு கீல். தளம் நீளும்போதும் சுருங்கும்போதும் ஊஞ்சல் சங்கிலி மாதிரி அந்தக் கை லேசா சாயும். கீல் திரும்புற வரைக்கும் கைக்கு எந்தக் கஷ்டமும் இல்ல. எடையைத் தாங்கறது மட்டும்தான் அதோட வேலை.

வடகிழக்குக் கோபுரப் பகுதியில ஒரு கையோட கீழ்க் கீல் இறுகிப் போச்சு. பாலம் அசையறது நிக்கல, ஆனா கீல் திரும்பல. அப்போ என்ன ஆகும்? சாய வேண்டிய கை வளைய ஆரம்பிக்கும். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைச்சுக்கிட்டே இருந்தா ஒரு கட்டத்துல ‘டக்’னு உடையுமே, அதே கதை. இன்ஜினியர்கள் இதை ஃபட்டீக்னு சொல்வாங்க. ஒரு தடவை வளைக்கிறதுல உடையாது. லட்சக்கணக்கான சின்ன வளைவுகள்ல உடையும். பாலத்தைச் சோதிச்சுக்கிட்டு இருந்தவங்க விரிசலைக் கண்டுபிடிச்சதாலதான் சரியான நேரத்துல மூட முடிஞ்சது.

முதல்ல உடைஞ்ச பாகத்துக்கு, எலும்பு முறிவுக்குச் சிம்பு வெச்சுக் கட்டுற மாதிரி, துணைக்கு இரும்பு வெச்சுக் கட்டினாங்க. டிசம்பர் 23-ல கார், பஸ் எல்லாம் போக ஆரம்பிச்சது. கனரக லாரிகளுக்கு 2016 பிப்ரவரி வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. பராமரிப்புச் செலவைக் குறைச்சதுதான் காரணமான்னு பெரிய சர்ச்சை கிளம்பி, ஸ்காட்லாந்து நாடாளுமன்றக் குழு விசாரிச்சது. அந்தக் குறிப்பிட்ட பழுதை முன்கூட்டியே கணிச்சிருக்க முடியாதுங்கிறது அவங்க முடிவு.

ஒரு கீல் ஏன் இறுகுது? பொதுவா துரு, அழுக்கு, கிரீஸ் போய்ச் சேராதது. அதனாலதான் ஜாயின்ட்ல தண்ணி ஒழுகறதை இன்ஜினியர்கள் அவ்வளவு சீரியஸா எடுத்துக்கிறாங்க. குளிர் நாடுகள்ல பனி உருக ரோட்டுல உப்பு தூவுவாங்க, அந்த உப்புத்தண்ணி ஜாயின்ட் வழியா நேரா பேரிங் மேலதான் இறங்கும். நம்ம ஊர் மாதிரி இடங்கள்ல உப்பு இல்ல, ஆனா மண்ணும் கல்லும் பிளாஸ்டிக்கும் இடைவெளியில அடையும். ரோடு போடும்போது ஜாயின்ட் மேலயே தார் ஊத்தி மூடிட்டா இன்னும் மோசம். வண்டியில போறவங்களுக்கு ‘தடக்’ சத்தம் போச்சேன்னு சந்தோஷமா இருக்கும். ஆனா பாலம் நீள வேண்டிய இடம் அடைபட்டுப் போச்சு. தார் சீக்கிரமே பிளக்கும், தண்ணி உள்ளே இறங்கும்.

அப்போ நல்ல ஜாயின்ட்னா என்ன?

சுருக்கமா சொல்றேன். ஒண்ணு, பாலம் வருஷத்துல எவ்வளவு நகரும்னு கணக்குப் போட்டு, அதுக்கு மேல கொஞ்சம் உபரி. ரெண்டு, மொத்தமா எத்தனை கிலோமீட்டர் தேயும்னு கணக்கு. அது அதிகம்னா டேம்பர் வெச்சுக் குறைக்கணும். மூணு, தண்ணி கீழே போகக் கூடாது. நாலு, இதைத்தான் பலர் மறந்துடுறாங்க, ஜாயின்ட்டுக்குக் கீழே ஆள் போய்ப் பார்க்க வழி வேணும், தேஞ்ச பாகத்தை மட்டும் கழட்டி மாத்த வசதி வேணும். பாலம் 100 வருஷத்துக்கு மேல நிக்கலாம். ஜாயின்ட் அவ்வளவு காலம் தாங்காது. பாலத்தோட ஆயுசுல அதைப் பல தடவை மாத்த வேண்டி வரும், அதுவும் பாதி ரோட்டுல வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போதே.

ஃபோர்த் ரோட் பிரிட்ஜுக்குப் பக்கத்துலயே 2017-ல குவீன்ஸ்ஃபெரி கிராஸிங்னு புதுப் பாலம் திறந்தாங்க. பெரும்பாலான வண்டிகள் இப்போ அதுல போகுது. பழைய பாலத்தை இடிக்கல. பஸ், சைக்கிள், நடந்து போறவங்கன்னு எடை குறைஞ்ச வேலை அதுக்கு. ஆனா இன்னைக்கும் வெயில் வந்தா நீளுது, ராத்திரி சுருங்குது. அசைய வேண்டிய பாகங்கள் அசையுதான்னு யாராவது அடியில போய்ப் பார்த்துக்கிட்டேதான் இருக்கணும்.

இந்த எபிசோட் அவ்வளவுதான். பாலங்களைப் பத்தி வேற சந்தேகம் இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.